தம்புராவின் ஹார்மோனிக்குகளை அளந்து சிந்தசைசரில் ஏற்றுவது எப்படி? முழுமையான வழிகாட்டி

தம்புராவின் மந்தரத் தந்தியை, அதாவது கீழ் ஸட்ஜத் தந்தியை, மீட்டிவிட்டுக் கொஞ்சம் காது கொடுத்தால், யாரும் மீட்டாத ஒரு அந்தர காந்தாரம் மெல்ல எழும்பி வரும். சங்கீதக்காரர்கள் இதை ஸ்வயம்பு காந்தாரம் என்பார்கள். இயற்பியல் கணக்கில் அது அந்தத் தந்தியின் ஐந்தாவது ஹார்மோனிக், அதாவது அடிப்படை அதிர்வெண்ணைப்போல ஐந்து மடங்கு வேகத்தில் அதிரும் பகுதி. இதேபோல் மூன்றாவது ஹார்மோனிக் பஞ்சமம். இரண்டாவதும் நான்காவதும் மேல் ஸட்ஜங்கள். ஒரு தந்தி ஒரே நேரத்தில் இத்தனையையும் பாடுகிறது. எது எவ்வளவு தூக்கலாகப் பாடுகிறது என்பதுதான் தம்புராவை வீணையிலிருந்தும் கிடாரிலிருந்தும் பிரித்துக் காட்டுகிறது.

இந்தப் பகுதிகளை ஸ்பெக்ட்ரம் (எந்த அதிர்வெண் எவ்வளவு பலம் என்ற படம்) காட்டும் மென்பொருளால் அளந்து, அந்த எண்களைக் கொண்டே சிந்தசைசரில், அதாவது மின்னணு முறையில் ஒலியை உருவாக்கும் கருவியில், அதை மறுபடி கட்டுவதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம். தேவையான மென்பொருள்கள் எல்லாமே இலவசம். உதாரணத்துக்குத் தம்புராவை எடுத்துக்கொண்டதற்குக் காரணம், இந்த வேலையில் அதுதான் கறாரான தேர்வு. அது கைவந்துவிட்டால் கிடாரும் புல்லாங்குழலும் சுலபம்.

முதலில் ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். இணையத்தில் கிடைக்கும் பல செய்முறைகள் "ஸ்பெக்ட்ரத்தைப் பாருங்கள், உச்சங்களைக் குறித்துக்கொள்ளுங்கள், சிந்தசைசரில் போடுங்கள்" என்பதோடு முடிந்துவிடும். அப்படிச் செய்தால் கிடைப்பது மலிவான கீபோர்டில் வரும் ஆர்கன் ஒலிதான். 1960-களில் பெல் ஆய்வகத்தில் ஷான்-க்ளோட் ரிஸ்ஸே டிரம்பெட் ஒலியைக் கணினியில் அலசியபோதே இது தெளிவாகிவிட்டது. டிரம்பெட்டில் சத்தம் ஏற ஏற மேல் ஹார்மோனிக்குகள் கீழ் ஹார்மோனிக்குகளைவிட அதிகமாக ஏறுகின்றன. அந்த ஏற்ற இறக்கத்தை விட்டுவிட்டு, மாறாத ஒரு பட்டியலை மட்டும் இசைத்தால் காது அதை டிரம்பெட் என்று ஒப்புக்கொள்வதில்லை. ஆகவே, எந்த ஹார்மோனிக் எவ்வளவு என்பதோடு, அது எப்போது ஏறி எப்போது இறங்குகிறது என்பதையும் சேர்த்தே பிடிக்க வேண்டும். கீழே உள்ள படிகள் எல்லாமே இதற்காகத்தான்.

தம்புராவில் என்ன விசேஷம்

சாதாரணத் தந்தி வாத்தியங்களுக்கு ஒரு விதி உண்டு. தந்தியை எந்த இடத்தில் மீட்டுகிறோமோ, அந்த இடத்தில் அசையாப் புள்ளி உள்ள ஹார்மோனிக்குகள் எழாது. நட்ட நடுவில் மீட்டினால் இரண்டாவது, நான்காவது, ஆறாவது எல்லாம் வரக் கூடாது. தம்புராவைக் கிட்டத்தட்ட நடுவில்தான் மீட்டுகிறோம். ஆனாலும் அவை வருகின்றன, அதுவும் பலமாகவே வருகின்றன. சி. வி. ராமன் கொல்கத்தாவில் இருந்த காலத்தில், 1921-ல், வீணையையும் தம்புராவையும் பற்றி எழுதிய சிறு கட்டுரையில் இதைத்தான் சுட்டிக் காட்டினார். தந்திகளைத் தாங்கும் அகலமான, மேல்புறம் வளைந்த குதிரையும், தந்திக்கு அடியில் சொருகும் ஜீவா நூலும்தான் இதற்குக் காரணம். அதிரும்போது தந்தி குதிரையைத் தொட்டுத் தொட்டு விலகுகிறது. ஒவ்வொரு தொடலிலும் கீழ் ஹார்மோனிக்குகளின் ஆற்றலில் ஒரு பங்கு மேலே போகிறது. மீட்டி முடிந்த பிறகும் மேல் ஹார்மோனிக்குகள் வளர்வது இதனால்தான்.

நம் வேலைக்கு இது முக்கியம். கிடாரில் மீட்டிய கணத்தில் எல்லாம் உச்சத்தில் இருக்கும், அப்புறம் இறக்கம்தான். தம்புராவில் சில ஹார்மோனிக்குகள் அரை நொடி, ஒரு நொடி கழித்துத்தான் உச்சம் தொடும். அதனால் ஒரே இடத்தில் அளந்தால் போதாது.

பதிவு செய்தல்

பாதி வேலை இங்கேதான் இருக்கிறது. பதிவு மோசமானால் பின்னால் எந்த மென்பொருளாலும் காப்பாற்ற முடியாது.

மின்விசிறியை நிறுத்துங்கள். ஃப்ரிட்ஜ் பக்கத்து அறையில் ஓடினாலும் கேட்கும். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் அதன் முனகல் 50, 100, 150 என்று ஸ்பெக்ட்ரத்தில் குச்சி குச்சியாக வந்து நிற்கும். 98 ஹெர்ட்ஸில் இருக்கும் பஞ்சமத் தந்தியின் அடிப்படையோடு அந்த 100 ஹெர்ட்ஸ் குச்சி ஒட்டிக்கொண்டால் எது எதுவென்று பிரிப்பது சிரமம். மடிக்கணினியைச் சார்ஜரிலிருந்து கழற்றிவிட்டுப் பதிவு செய்தால் பெரும்பாலும் இந்தத் தொல்லை குறையும்.

கண்டென்சர் மைக் இருந்தால் நல்லது. குதிரைக்கு நேராக ஒரு முழம் தள்ளி வையுங்கள். இன்னும் கிட்டே போனால் குடத்தின் ஒரு பகுதி மட்டும் பெரிதாகக் கேட்கும். தள்ளிப் போனால் அறையின் எதிரொலி கலந்துவிடும். 44,100 ஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் கோப்பு. எம்பி3 வேண்டாம். கைபேசிதான் இருக்கிறது என்றால், இரைச்சலைத் தானாகக் குறைப்பது, ஒலி அளவைத் தானாக ஏற்றி இறக்குவது ஆகிய இரண்டையும் அணைக்க முடிகிற பதிவுச் செயலியைப் பயன்படுத்துங்கள். தானாக அளவு மாற்றும் வசதி ஓடிக்கொண்டிருந்தால், தந்தி அடங்கும்போது செயலி அதைத் தூக்கிக் கொடுக்கும். நீங்கள் அளப்பது செயலியைத்தான், தம்புராவை அல்ல. பதிவை வாட்ஸ்அப்பில் ஒலிச் செய்தியாக அனுப்பிக் கணினிக்கு மாற்றாதீர்கள். அது கோப்பைச் சுருக்கிவிடும்.

சுருதி கூட்டிவிட்டு, ஜீவாவையும் சரியான இடத்தில் வைத்துவிட்டு, ஒரு தந்தியை மட்டும் மீட்டுங்கள். மற்ற மூன்றையும் துணியால் அமுக்கி வையுங்கள். நடுவில் உள்ள சாரணி, அனுசாரணி என்ற இரண்டு தந்திகளும் ஒரே ஸட்ஜத்தில் இருப்பவை. துணியை விட்டுவிட்டால், சாரணியை மீட்டும்போது அனுசாரணியும் கூடவே அதிரும். சாரணியின் எண்கள் என்று நீங்கள் குறிப்பது இரண்டு தந்திகளின் கலவையாகிவிடும். வழக்கமாக மீட்டுகிற அதே இடம், அதே விரல். பஞ்சமத்துக்கு நடுவிரல், மற்றவற்றுக்கு ஆள்காட்டி விரல். ஒலி முழுக்க அடங்கும்வரை காத்திருந்து அடுத்த மீட்டு. ஒவ்வொரு தந்திக்கும் நாலைந்து மீட்டுகள் இருக்கட்டும். உச்சம் மைனஸ் 12 முதல் மைனஸ் 6 டெசிபலுக்குள் நின்றால் போதும். மேலே முட்டி வெட்டுப்பட்டால், தம்புராவில் இல்லாத ஹார்மோனிக்குகள் பொய்யாக முளைக்கும். கடைசியாக, எதையும் மீட்டாமல் வெறும் அறையைச் சில நொடிகள் பதிவு செய்துகொள்ளுங்கள். எது இரைச்சல், எது ஒலி என்று சந்தேகம் வரும்போது இதுதான் கைகொடுக்கும்.

எங்கே உச்சம் வர வேண்டும் என்ற கணக்கு

மென்பொருளைத் திறக்கும் முன் ஒரு தாளில் எதிர்பார்க்கும் எண்களை எழுதிக்கொள்ளுங்கள். ஒரு கட்டைச் சுருதியில், ஆண் குரலுக்கான தம்புராவின் சாரணி 130.8 ஹெர்ட்ஸ். அதன் ஹார்மோனிக்குகள் 261.6, 392.4, 523.2, 654, 784.8, 915.6, 1046.4 என்று போகும். பஞ்சமம் 98.1, மந்தரம் 65.4.

இங்கே ஒரு இடறல் உண்டு. நாம் அளக்கப் பயன்படுத்தும் ஆடாசிட்டி என்ற மென்பொருள் உச்சத்தின் பக்கத்தில் மேற்கத்தியச் சுரப் பெயரையும் காட்டும். 654 ஹெர்ட்ஸுக்கு அது 'ஈ' என்று காட்டும். அதைப் பார்த்துவிட்டுக் கீபோர்டின் 'ஈ'-யைச் சிந்தசைசரில் போட்டால் அது 659.3 ஹெர்ட்ஸ். ஸ்வயம்பு காந்தாரத்தைவிட 14 சென்ட் கூடுதல் (கீபோர்டில் அடுத்தடுத்த இரண்டு விசைகளுக்கு இடையே 100 சென்ட்). தம்புராவோடு பழகிய காது இதை உடனே கண்டுபிடித்துவிடும். ஏழாவது ஹார்மோனிக்கில் வித்தியாசம் இன்னும் பெரிது, 31 சென்ட். ஆகவே சுரப் பெயரைக் கண்டுகொள்ளாதீர்கள், ஹெர்ட்ஸை மட்டும் எழுதுங்கள்.

ஆடாசிட்டியில் அளப்பது

கோப்பைத் திறந்ததும், டிராக்கின் பெயரில் உள்ள மெனுவுக்குப் போய் ஸ்பெக்ட்ரோகிராம் பார்வைக்கு மாற்றுங்கள். மேல் எல்லையை 5,000 ஹெர்ட்ஸாகவும் விண்டோ அளவை (ஒரு தடவைக்கு அலசும் ஒலித் துண்டின் நீளம்) 4096 ஆகவும் வையுங்கள். கிடைமட்டக் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரியும். ஒவ்வொரு கோடும் ஒரு ஹார்மோனிக். தம்புராவானால், பிரகாசமான ஒரு பட்டை மீட்டிய பின் கோட்டுக்குக் கோடு தாவி இடம் மாறுவது கண்ணுக்கே தெரியும், பெரும்பாலும் மேலிருந்து கீழ்நோக்கி. எந்தெந்த நேரத்தில் அளக்க வேண்டும் என்பதை இந்தப் படத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். நான் வழக்கமாக எடுப்பது மீட்டிய பின் 0.1, 0.5, 1, 2, 4 நொடிகள்.

இனி அளவுகள். 0.1 நொடியில் தொடங்கி 0.2 நொடி நீளத்துக்குத் தேர்ந்தெடுத்து, அனலைஸ் மெனுவில் பிளாட் ஸ்பெக்ட்ரம் என்பதைத் திறங்கள். அதில் இரண்டு அமைப்புகள்தான் முக்கியம்.

முதலாவது அளவு, அதாவது ஒரு தடவைக்கு எத்தனை மாதிரிகளை எடுத்து அலசுவது என்பது. 44,100-ஐ இந்த எண்ணால் வகுத்தால் எவ்வளவு நுணுக்கமாகப் பிரிக்கும் என்பது தெரிந்துவிடும். 4096 என்றால் 10.8 ஹெர்ட்ஸ், நேரத்தில் 0.093 நொடி. 65,536 என்றால் 0.67 ஹெர்ட்ஸ், ஆனால் அதற்கு ஒன்றரை நொடி ஒலி வேண்டும். பலர் பெரிய எண்தான் நல்லது என்று கடைசி எண்ணுக்குப் போய்விடுகிறார்கள். ஒன்றரை நொடியில் தம்புராவின் ஒலி எங்கோ போயிருக்கும். அத்தனை மாற்றத்தையும் கலந்து ஒரு சராசரியைத்தான் அது காட்டும். அதிர்வெண்ணில் நுணுக்கம் கூடினால் நேரத்தில் நுணுக்கம் குறையும், இதற்குக் குறுக்குவழி கிடையாது. அப்படி வகுத்து வரும் ஹெர்ட்ஸ் அகலம் ஒரு கட்டம். பக்கத்துப் பக்கத்து ஹார்மோனிக்குகளுக்கு இடையே எட்டுக் கட்டங்களாவது இருக்கிற மாதிரி மிகச் சிறிய எண்ணை எடுங்கள். சாரணிக்கு 130.8-ஐ 10.8-ஆல் வகுத்தால் 12 கட்டம், 4096 தாராளம். பஞ்சமத்துக்கும் இதுவே போதும். மந்தரத்துக்கு மட்டும் 8192.

இரண்டாவது விண்டோ வகை, அதாவது அலசும் துண்டின் ஓரங்களை எப்படி மெலிய வைப்பது என்பது. ரெக்டாங்குலர் வேண்டவே வேண்டாம். ஒவ்வொரு உச்சத்தின் இரு பக்கமும் சிதறல் வந்து, பக்கத்தில் உள்ள மெலிந்த ஹார்மோனிக்குகளை மூடிவிடும். பொதுவாக ஹான் போதும். தம்புராவில் ஒரு பெரிய உச்சத்துக்குப் பக்கத்தில் 40 டெசிபல் இறங்கிய உச்சமும் இருக்கலாம் என்பதால் நான் பிளாக்மேன்-ஹாரிஸ் எடுப்பேன். அதில் உச்சங்கள் கொஞ்சம் பருத்துத் தெரியும், ஆனால் சிதறல் 90 டெசிபலுக்கும் கீழே போய்விடும். நான் எட்டுக் கட்டம் கேட்டதும் இதற்காகத்தான். அல்காரிதம் என்ற இடத்தில் ஸ்பெக்ட்ரம் என்பதே இருக்கட்டும், அச்சு லீனியராக இருக்கட்டும். லாக் அச்சில் மேல் ஹார்மோனிக்குகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும்.

இப்போது கர்சரை ஒவ்வொரு உச்சத்தின்மேலும் கொண்டுபோனால் கீழே அதிர்வெண்ணும் டெசிபலும் வரும். தாளில் எழுதிய எண்களோடு ஒப்பிட்டு, விரிதாளில் ஒரு வரிசைக்கு ஒரு ஹார்மோனிக், ஒரு பத்திக்கு ஒரு நேரம் என்று நிரப்புங்கள். அடுத்த நேரத்துக்குப் போய் இதையே செய்யுங்கள். ஏற்றுமதி பொத்தானை அழுத்தினால் மொத்த எண்களும் உரைக் கோப்பாக வரும். ஆனால் அது உச்சங்களை மட்டும் தராது, எல்லாக் கட்டங்களையும் தரும். பதினாறு ஹார்மோனிக்குக்குக் கையால் எழுதுவதே வேகம். தசமப் புள்ளிக்குப் பின்னால் எதுவும் வேண்டாம். உச்சம் இரண்டு கட்டங்களுக்கு நடுவில் விழுந்தால் ஒரு டெசிபல் அளவுக்குக் குறைத்துக் காட்டுவது இந்த முறையின் இயல்பு. உச்சத்திலிருந்து 50 டெசிபல் இறங்கியவற்றையும், வெறும் அறையின் பதிவில் உள்ள அளவுக்குக் கீழே போனவற்றையும் விட்டுவிடலாம்.

அடிப்படை அதிர்வெண்ணைத் துல்லியமாகக் கண்டுபிடிக்க ஒரு தந்திரம்: முதல் உச்சத்தை நம்பாமல் பத்தாவது உச்சத்தை எடுத்துப் பத்தால் வகுங்கள். தவறும் பத்தில் ஒன்றாகிவிடும். வகுத்து வருவது முதல் உச்சத்தைவிடக் கண்ணுக்குத் தெரிகிற அளவு கூடுதலாக இருந்தால், தந்தியின் விறைப்பால் மேல் ஹார்மோனிக்குகள் மேலே நகர்கின்றன என்று அர்த்தம். பியானோவில் இது நன்றாகவே தெரியும். தம்புராவின் மெல்லிய தந்தியில் பெரும்பாலும் பொருட்படுத்த வேண்டியதில்லை.

டெசிபலை வீச்சாக மாற்றுதல்

சிந்தசைசர் கேட்பது பெரும்பாலும் 0 முதல் 1 வரையான வீச்சு, அதாவது அலையின் உயரம். டெசிபலை 20-ஆல் வகுத்து, வருவதைப் பத்தின் அடுக்காக வைத்தால் வீச்சு கிடைக்கும். மைனஸ் 6 என்றால் 0.5, மைனஸ் 12 என்றால் 0.25, மைனஸ் 20 என்றால் 0.1, மைனஸ் 40 என்றால் 0.01.

கணக்கு புரிவதற்காக ஒரு கற்பனை வரிசை: முதல் ஐந்து ஹார்மோனிக்குகள் மைனஸ் 30, 27, 33, 36, 39 என்று வைத்துக்கொள்வோம். பெரியது இரண்டாவது, அதைப் பூஜ்யமாக்கினால் மைனஸ் 3, 0, மைனஸ் 6, 9, 12. வீச்சில் 0.71, 1, 0.5, 0.35, 0.25. ஐந்தையும் கூட்டினால் 2.81. இப்படியே இசைத்தால் எல்லாம் ஒரே கணத்தில் உச்சம் தொடும்போது வெட்டுப்படும். அதனால் எல்லாவற்றையும் 3.5-ஆல் வகுத்துவிடுங்கள்: 0.20, 0.29, 0.14, 0.10, 0.07. கூட்டல் 0.8, பத்திரமான அளவு. அடிப்படையைவிட இரண்டாவது பெரிதாக இருப்பதைப் பார்த்துத் திகைக்க வேண்டாம். தந்தி வாத்தியங்களில் இது சகஜம், காது அப்போதும் அடிப்படைச் சுரத்தையே கேட்கும்.

முதல் கட்டுமானம்: வெறும் சைன் அலைகள்

நேராகப் பெரிய சிந்தசைசருக்குப் போகாமல் ஆடாசிட்டியிலேயே ஒரு தடவை கட்டிப் பாருங்கள். ஜெனரேட் மெனுவில் டோன். சைன் அலை, 130.8 ஹெர்ட்ஸ், வீச்சு உங்கள் அட்டவணையில் அந்த ஹார்மோனிக் தொடும் உச்ச மதிப்பு, நீளம் எட்டு நொடி. அடுத்த ஹார்மோனிக் அடுத்த டிராக்கில். இப்படிப் பத்துப் பன்னிரண்டு டிராக்குகள்.

இந்த இடத்தில் நிறுத்தி ஒரு முறை கேளுங்கள். தம்புரா வராது, தட்டையான ஒரு ரீங்காரம்தான் வரும். இப்போது என்வலப் கருவியை, அதாவது நேரத்துக்கேற்ப ஒலி அளவை ஏற்றி இறக்கும் கருவியை, எடுத்து, ஒவ்வொரு டிராக்கிலும் 0.1, 0.5, 1, 2, 4 நொடிகளில் புள்ளி வைத்து, அட்டவணை சொல்லும் அளவுக்கு இறக்குங்கள். இடப்பக்க அளவுகோலை டெசிபலுக்கு மாற்றிக்கொண்டால் புள்ளி வைப்பது எளிது. நாலாவது ஐந்தாவது டிராக்கை முடிக்கும்போதே வித்தியாசம் தெரிய ஆரம்பிக்கும். ஒவ்வொரு ஹார்மோனிக்கும் தன் நேரத்தில் எழுந்து அடங்கும்போதுதான் அந்த "ங்ஙொய்ங்" வருகிறது. எல்லாம் முடிந்ததும் மிக்ஸ் செய்து ஒரே டிராக்காக்குங்கள்.

சோதித்துப் பார்க்க ஒரு நல்ல வழி உண்டு. ஜீவா நூலை விலக்கிவிட்டு அதே தந்தியைப் பதிவு செய்து, அதற்கும் ஒரு அட்டவணை போடுங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்தால், நூல் எந்த ஹார்மோனிக்குகளை எப்போது தூக்குகிறது என்பது எண்ணாகவே தெரியும். தம்புராக்காரர்கள் நூலை மயிரிழை நகர்த்திவிட்டு "இப்போ ஜீவன் வந்திடுச்சு" என்று சொல்லும் இடமும் இதுதான்.

ஸ்பியர்: கோடுகளைத் தானாகப் பிடிப்பது

கையால் பதினாறு ஹார்மோனிக்கைச் செய்தாயிற்று, முப்பது வேண்டும் என்றால் மைக்கேல் கிளிங்பைல் உருவாக்கிய ஸ்பியர் மென்பொருளுக்குப் போங்கள். விண்டோஸிலும் மேக்கிலும் ஓடும். இது ஒலியைத் துண்டு துண்டாக அலசி, அடுத்தடுத்த துண்டுகளில் உள்ள உச்சங்களைக் கோத்து, ஒவ்வொரு ஹார்மோனிக்கையும் ஒரு கோடாக வரைந்துவிடும். அழுத்தமான கோடு என்றால் பலமான ஒலி.

கோப்பைத் திறக்கும்போது கேட்கும் அதிர்வெண் பிரிப்பு அளவை அடிப்படை அதிர்வெண்ணைவிடக் குறைவாகக் கொடுங்கள். சாரணிக்கு 100, மந்தரத்துக்கு 50. படம் வந்ததும் அங்கங்கே பொடிப் பொடியாகக் கோடுகள் தெறித்திருக்கும். அவை இரைச்சல். தேர்ந்தெடுத்து அழித்துவிடுங்கள். மீதமுள்ளவற்றை இசைக்கச் சொன்னால், அது பதிவை இசைப்பதில்லை, அந்தக் கோடுகளிலிருந்து ஒலியைப் புதிதாகக் கட்டி இசைக்கிறது. ஐந்தாவது கோட்டை மட்டும் தேர்ந்தெடுத்துக் கேளுங்கள், ஸ்வயம்பு காந்தாரம் தனியாக நிற்கும். எந்தக் கோட்டை அழித்தால் தம்புராத்தன்மை போகிறது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பதில் ஒரு மாலை நேரமே போய்விடும், நல்ல வழியில்தான் போகும். கோடுகளின் எண்களை உரைக் கோப்பாக ஏற்றுமதி செய்து விரிதாளுக்குக் கொண்டுபோகலாம்.

கோயில் மணி, சேகண்டி போன்றவற்றுக்கும் ஸ்பியர்தான் சரி. அவற்றின் பகுதிகள் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்ற ஒழுங்கில் வருவதில்லை, ஆகவே ஹார்மோனிக் அட்டவணை பயன்படாது. சாதாரணத் தோல் வாத்தியங்களும் அப்படித்தான். மிருதங்கம், தபலா போன்றவை விதிவிலக்கு. மிருதங்கத்தின் வலந்தலையின் நடுவில் பூசும் கரணை அந்தப் பகுதிகளை ஒழுங்குக்குள் கொண்டுவருகிறது. தம்புராக் கட்டுரைக்கு முந்தைய ஆண்டே, 1920-ல், ராமன் இதையும் எழுதிவிட்டார்.

வாசிக்கக்கூடிய வாத்தியமாக்குவது

இதுவரை கட்டியது ஒரு ஒலிக்கோப்பு. விசையைத் தொட்டால் ஒலிக்க வேண்டும் என்றால் ஸின்ஆட்சப்எஃப்எக்ஸ் என்ற இலவச மென்பொருள் சிந்தசைசர் நல்ல தேர்வு. அதன் ஆட்சின்த் பகுதியில் எட்டு வாய்ஸ்கள் உண்டு. ஒவ்வொரு வாய்ஸின் ஆசிலேட்டரை (அலையை உண்டாக்கும் பகுதி) திறந்தாலும் ஹார்மோனிக்குகளுக்கு வரிசையாக ஸ்லைடர்கள் இருக்கும். மேக்னிட்யூட் வகையை மைனஸ் 60 டெசிபலுக்கு மாற்றிக்கொண்டால் ஸ்லைடர்கள் டெசிபல் கணக்கிலேயே நகரும், வீச்சாக மாற்றும் வேலை மிச்சம்.

முப்பது ஹார்மோனிக்குக்கும் தனித்தனி என்வலப் தர இங்கே முடியாது. அதனால் ஒரே மாதிரி நடந்துகொள்பவற்றைக் குழுவாக்குங்கள். அட்டவணையைப் பார்த்தாலே குழுக்கள் தெரியும். பொதுவாக ஒன்று முதல் மூன்று வரை மெதுவாக இறங்கும் ஒரு குழு, நடுவில் தாமதமாக ஏறும் ஒன்றிரண்டு குழுக்கள், மேலே சீக்கிரம் அடங்கும் ஒரு குழு. குழுவுக்கு ஒரு வாய்ஸ், அதில் அந்த ஹார்மோனிக்குகள் மட்டும், அதற்கென்று ஒரு வீச்சு என்வலப். இந்த மென்பொருள் ஒவ்வொரு ஆசிலேட்டரின் அளவையும் தானே சமப்படுத்திக்கொள்ளும் என்பதால், குழுவுக்குள் விகிதம் சரியாக இருக்கும், குழுக்களுக்கு இடையே இருக்காது. அதை வாய்ஸின் வால்யூமில் சரிசெய்ய வேண்டும். காதால் பாதி, மறுபடி ஆடாசிட்டியில் அளந்து பாதி.

ஒப்பிடும்போது அசலை அலசிய அதே அளவு, அதே விண்டோ, அதே நேரங்கள். இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்கும் முன் சத்தத்தைச் சமமாக்குங்கள். சத்தம் கூடுதலாக இருப்பதுதான் நல்லது என்று காது எப்போதும் ஏமாறும்.

எவ்வளவு கவனமாகச் செய்தாலும் தொடக்கத்தில் ஒரு குறை இருக்கும். விரல் தந்தியை விட்டு விலகும் அந்தச் சிறு சத்தம் ஹார்மோனிக் அல்ல, இரைச்சல், சைன் அலைகளால் அதைக் கட்ட முடியாது. அசல் பதிவின் முதல் 50 மில்லி நொடியை வெட்டி, அடிப்பகுதியை ஃபில்டரால் குறைத்து, கட்டிய ஒலியின் முன்னால் ஒட்டிவிடுங்கள். 1987-ல் வந்த ரோலண்ட் டி-50 சிந்தசைசர் இந்த உத்தியில்தான் பேர் வாங்கியது: தொடக்கத்துக்குப் பதிவு, தொடர்ச்சிக்குச் சிந்தசிஸ். இன்னும் முறையாகச் செய்ய வேண்டுமென்றால், ஒலியைச் சைன் அலைகள், மிச்ச இரைச்சல் என்று இரண்டாகப் பிரித்து அலசும் எஸ்எம்எஸ் (ஸ்பெக்ட்ரல் மாடலிங் சிந்தசிஸ்) கருவிகள் பைத்தான் நிரல்மொழியில் இலவசமாகக் கிடைக்கின்றன. அந்த முறையை வளர்த்த சேவியர் செர்ரா பார்சிலோனாவில் இருப்பவர். கர்நாடக இசையைக் கணினியால் ஆராய்ந்த காம்ப்மியூசிக் திட்டத்தை நடத்தியவரும் அவரே.

சுருதி மாற்றும்போது ஒரு எச்சரிக்கை. ஒரு கட்டைக்கு அளந்த அட்டவணை இரண்டு கட்டைவரை தாங்கும். அதையே ஐந்து கட்டைக்கு இழுத்தால் பொம்மைக் குரலாகிவிடும். தந்தியின் ஹார்மோனிக்குகள் சுருதியோடு மேலே போகும், குடத்தின் அதிர்வுகள் போகாது, இருந்த இடத்திலேயே இருக்கும். ஐந்து கட்டை வேண்டுமானால் அந்தச் சுருதிக்கான தம்புராவை மறுபடி பதிவு செய்து அளப்பதுதான் வழி. மந்தரமும் இப்படியே. அது வழக்கமாகப் பித்தளைத் தந்தி, மற்றவை எஃகு. சாரணியின் எண்களை ஒரு ஸ்தாயி இறக்கினால் மந்தரம் ஆகாது.

நாலு தந்திகளும் தயாரானதும் ப-ஸ-ஸ-ஸ வரிசையில், முந்தைய தந்தி அடங்கும் முன் அடுத்தது தொடங்குகிற மாதிரி அடுக்குங்கள். சாரணியையும் அனுசாரணியையும் ஒரே எண்ணில் வைக்காதீர்கள். ஒன்று 130.8, மற்றது 131.1 என்று வைத்தால் அடிப்படையில் மூன்று நொடிக்கு ஒருமுறை மெல்லிய அசைவு வரும். ஐந்தாவது ஹார்மோனிக்கில் அதே வித்தியாசம் ஐந்து மடங்காகி, நொடிக்கு ஒன்றரை தடவை அசையும். அதற்கு மேல் இடைவெளி கொடுத்தால் அசைவு வேகமெடுத்துச் சுருதி சேராத தம்புராவாகக் கேட்கும். 0.1-லிருந்து தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, பாடிக்கொண்டே காதுக்குப் பிடித்த இடத்தில் நிறுத்துங்கள்.